கம்பெனி வந்தாச்சு, அப்புறம்?



போன எபிசோடில் சிப் தொழிலின் கதையைப் பேசும்போது பினாங்கும் தைவானும் வந்து போயின. அதைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் எழுதிய மெயில் இரண்டு வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ரெண்டு ஊருமே அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அசெம்பிளி வேலை செஞ்சுதானே ஆரம்பிச்சாங்க? ஒருத்தர் உலகத்துக்கே சிப் செஞ்சு குடுக்குறாரு. இன்னொருத்தர் ஏன் இன்னும் பெரும்பாலும் அசெம்பிளியிலேயே நிக்கிறாரு?"

மைக் முன்னால் ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. அதனால் இந்த வாரக் கடிதம் முழுக்க அதற்கே.

முதலில் நம்பரைப் பார்த்துவிடலாம். 1970-ல் தைவான், மலேசியா இரண்டிலும் தனிநபர் வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான், வருஷத்துக்கு 400 டாலரை ஒட்டி. இன்று தைவானில் அது 30,000 டாலரைத் தாண்டிவிட்டது. மலேசியாவில் 12,000 டாலர் பக்கம். மலேசியா தோற்றுப்போன நாடு என்று சொல்ல வரலை. 1970-ல் தீபகற்ப மலேசியாவில் கிட்டத்தட்டப் பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. அங்கிருந்து இங்கே வந்தது சாதாரண விஷயம் இல்லை. அதனால்தான் இந்த ஜோடி எனக்குப் பிடித்திருக்கு. ஹைதியையும் சிங்கப்பூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆயிரம் வித்தியாசம் தெரியும், எது காரணம் என்று பிரிக்கவே முடியாது. ஒரே இடத்தில் கிளம்பி நன்றாக ஓடியவரையும், மிக நன்றாக ஓடியவரையும் பார்த்தால்தான் எந்தத் திருப்பத்தில் பிரிந்தார்கள் என்று தெரியும்.

இந்தக் கேள்விக்கு நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் ரெடிமேட் பதில்கள் சுற்றுகின்றன. சீனர்கள் கடின உழைப்பாளிகள், அதான் தைவான் முன்னேறியது என்பார் ஒருவர். அன்றைய பினாங்கிலும் பாதிக்கு மேல் சீனர்கள்தான். 1970-ல் சீன நாடே இந்த இரண்டையும்விட ஏழையாகக் கிடந்தது. நூறு வருஷம் முன்னால் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போன வெள்ளைக்காரர்கள் 'இவர்கள் சோம்பேறிகள், உருப்பட மாட்டார்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உழைப்பாளி, சோம்பேறி என்ற பட்டமெல்லாம் நாடு பணக்கார நாடான பிறகு ஒட்டப்படுவது.

'லீ குவான் யூ மாதிரி ஒருத்தர் வேணும்ப்பா' என்பது அடுத்தது. கையில் சாட்டையோடு ஒருவர் இருந்தால் போதும் என்றால் மார்க்கோஸின் பிலிப்பைன்ஸ் எங்கேயோ போயிருக்கணும். 1960-ல் தென் கொரியாவைவிடப் பணக்கார நாடு அது. ஊழல்தான் காரணமா? தென் கொரியாவின் இரண்டு முன்னாள் அதிபர்கள், சுன் டூ-ஹ்வானும் ரோ டே-வூவும், லஞ்ச வழக்கில் 1996-ல் தண்டனை பெற்றவர்கள். ஊழல் கெட்டதுதான், நாட்டை அரிக்கும்தான். ஆனால் நம்ம கேள்விக்கு அது விடை இல்லை.

சரி, பினாங்குக்கு வருவோம். 1969-ல் பினாங்கின் சுங்கவரி இல்லாத் துறைமுக அந்தஸ்து பறிபோனது. வியாபாரம் படுத்தது, இளைஞர்களுக்கு வேலை இல்லை. அந்த வருஷம் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடிப் போனார். 1972-ல் பாயான் லெப்பாஸில், நெல்வயலாக இருந்த இடத்தில், நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் அசெம்பிளி ஆலையை அங்கேதான் அதே வருஷம் போட்டது. ஏ.எம்.டி., எச்.பி., ஹிட்டாச்சி, போஷ் என்று ஆரம்பத்தில் வந்த எட்டுக் கம்பெனிகளை 'எட்டு சாமுராய்' என்று பினாங்கில் இன்றும் சொல்வார்கள்.

வேலை என்ன? அமெரிக்காவில் செய்த சிலிக்கான் தட்டு விமானத்தில் வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இணைத்து, உறையில் மூடி, சோதித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கம்பத்திலிருந்து வந்த இருபது வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்த மைக்ராஸ்கோப்புகளில் குனிந்து உட்கார்ந்தார்கள். தைவானும் இதே வேலையைத்தான் செய்தது, இன்னும் கொஞ்சம் முன்னாலேயே. 1960களின் நடுவில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி அங்கே ஆலை போட்டுவிட்டது. 1966-ல் காவ்சியுங்கில் ஏற்றுமதி வலயம் வந்தது. அங்கும் பெண்கள்தான், அங்கும் சம்பளம் குறைவுதான்.

பிரிவு நடந்தது 1974-ல். பிப்ரவரி 7, தைப்பேயில் ஒரு சோயாப்பால் கடை. பொருளாதார அமைச்சர் சன் யுன்-சுவானும் இன்னும் சில அதிகாரிகளும் காலை டிபனுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு பான் வென்-யுவான். சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவர் சொன்னது: அசெம்பிளி செய்துகொண்டே இருந்தால் போதாது, சிப் செய்யும் வித்தையையே விலைக்கு வாங்குங்கள். எலக்ட்ரானிக் கைக்கடிகாரத்துக்கான சிப்பில் ஆரம்பிக்கலாம். சுமார் 1 கோடி டாலர் ஆகும், நாலு வருஷம் பிடிக்கும். அந்த நாட்டுக்கு அன்று அது பெரிய காசு. அமைச்சர் சரி என்றார்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பான் ஆர்.சி.ஏ. வேலையை விட்டார். அமெரிக்காவில் வேலை பார்த்த சீன வம்சாவளி இன்ஜினியர்களைச் சேர்த்து ஒரு ஆலோசனைக் குழு அமைத்தார். எந்தக் கம்பெனியிடம் வித்தை வாங்குவது, எந்தத் தொழில்நுட்பம், ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்றெல்லாம் அலசியது அந்தக் குழுதான். கடைசியில் தேர்வானது ஆர்.சி.ஏ. 1976-ல் தைவானிலிருந்து முதல் கட்டமாக 19 இளம் இன்ஜினியர்கள் அமெரிக்கா போனார்கள். ஒருவர் வடிவமைப்பு, ஒருவர் உற்பத்தி முறை, ஒருவர் சோதனை, ஒருவர் இயந்திரப் பராமரிப்பு என்று ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு கற்றார்கள். 1977-ல் ஐ.டி.ஆர்.ஐ. என்ற அரசு ஆய்வு நிறுவனத்தில் மாதிரி ஆலை ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நாளிலேயே அங்கே நூறில் எத்தனை சிப் தேறுகிறது என்ற கணக்கில் குருநாதர் ஆர்.சி.ஏ.வின் சொந்த ஆலையை மிஞ்சிவிட்டார்கள்.

அரசு அந்த ஆலையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1980-ல் அதிலிருந்து யு.எம்.சி. பிரிந்தது. 1985-ல் மோரிஸ் சாங்கை அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டார்கள். 1987-ல் டி.எஸ்.எம்.சி. கிட்டத்தட்டப் பாதிப் பணம் அரசு போட்டது, கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே ஃபிலிப்ஸ். ஐ.டி.ஆர்.ஐ. தன் ஆட்களையும் ஆலையையும் தாரை வார்த்தது. இன்று நீங்கள் இதைப் படிக்கிற போனின் மூளை அந்தக் கம்பெனியில் செய்ததாக இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது, தைவான் வெளிநாட்டுக் கம்பெனிகளைத் துரத்தவில்லை. அசெம்பிளி வேலையைக் கேவலமாகவும் நினைக்கவில்லை. 'இவங்க நாளைக்குக் கிளம்பிட்டா நம்ம ஆட்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?' என்று ஒரு அமைச்சரவை கேட்டது. அதற்குக் காசும் ஒதுக்கியது.

பினாங்கில் இதைக் கேட்க யார் இருந்தார்கள்? மாநில அரசிடம் நிலமும் ஆர்வமும் இருந்தது, கஜானா இல்லை. கஜானா இருந்தது கோலாலம்பூரில். அங்கே 1969 மே கலவரத்துக்குப் பிறகு கவலை வேறு. 1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் முக்கிய இலக்குகளில் ஒன்று, சொத்தில் மலாய்க்காரர்களின் பங்கை உயர்த்துவது. அந்தக் கவலை பொய் இல்லை. அவர்கள் ஏழைகளாக இருந்தது நிஜம். ஆனால் அதற்காக 1975-ல் கொண்டுவந்த தொழில் ஒருங்கிணைப்புச் சட்டம் தவறான ஆளைப் பிடித்தது. ஒரு அளவுக்கு மேல் வளர்ந்த தொழிற்கூடம் லைசென்ஸ் வாங்கணும், பங்கு ஒதுக்கும் நிபந்தனைகளுக்கு உட்படணும். முதலில் வைத்த எல்லை 25 தொழிலாளர்கள். வலயத்துக்குள் ஏற்றுமதி செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிக்கோ முழு உரிமையும் தன் கையிலேயே.

நினைத்துப் பாருங்கள். இன்டெலுக்கு அச்சும் உதிரிபாகமும் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரர் இருக்கிறார். வெளிநாட்டு இன்ஜினியரின் குறைகளைக் கேட்டுக் கேட்டுத் துல்லியத்தைக் கற்றுக்கொண்டிருப்பவர். வித்தை ஊருக்குள் இறங்குகிற வாசலே அவர்தான். அவர் இருபத்தைந்தாவது ஆளை வேலைக்கு எடுக்க யோசிக்கணும். 1980களின் நடுவில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அதற்குள் டி.எஸ்.எம்.சி. பிறக்கப் போகிற நேரம் வந்துவிட்டது. மலேசியாவின் சொந்த சிப் ஆலையான சில்டெர்ரா 1995-ல்தான் தொடங்கப்பட்டது. பல வருஷம் நஷ்டத்தில் ஓடி 2021-ல் கைமாறியது. (மலேசியாவிலிருந்து படிப்பவர்கள் இந்த இடத்தில் ஆளுக்கொரு குடும்பக் கதை வைத்திருப்பீர்கள். எழுதுங்கள்.)

இவ்வளவு தடையிலும் பினாங்குப் பட்டறைகளில் சில வளர்ந்தே தீர்ந்தன என்பதையும் சொல்லணும். அங்கே வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினியர்கள் வெளியே வந்து 2000-ல் தொடங்கிய வைட்ராக்ஸ், சிப்பைச் சோதிக்கும் கருவிகளை இன்று உலகம் முழுக்க விற்கிறது. முடியாதவர்கள் இல்லை அவர்கள்.

அரசு பணம் போட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. இதற்குச் சிப்பைவிடக் கார் நல்ல உதாரணம். தென் கொரியாவின் ஹூண்டாயும் மலேசியாவின் புரோட்டானும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். ஹூண்டாயின் முதல் சொந்த மாடலான போனி ஓடியது மிட்சுபிஷி இன்ஜினில். 1985-ல் வந்த புரோட்டான் சாகாவும் மிட்சுபிஷி காரின் மறுவடிவம்தான். இரண்டு நாட்டு அரசுகளும் வெளிநாட்டுக் கார் உள்ளே வராமல் கதவைச் சாத்தித் தங்கள் பிள்ளையைக் காப்பாற்றின. இதுவரை வித்தியாசம் இல்லை.

வித்தியாசம், கொரியா தன் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டுக்கொண்டே அடுத்த தெருவில் சண்டைக்கும் அனுப்பியது. பார்க் சுங்-ஹீ காலத்தில் மாதா மாதம் ஏற்றுமதிக் கூட்டம், அதிபரே உட்கார்ந்து கணக்குக் கேட்பார். மலிவுக் கடன் வேணுமா, வெளியே விற்றுக் காட்டு. போனி வந்த உடனேயே, 1976-ல், விரல்விட்டு எண்ணக்கூடிய சில கார்கள் ஈக்வடாருக்குக் கப்பலேறின. லாபத்துக்கா? சும்மா இல்லை, பழகுவதற்கு. 1986-ல் அமெரிக்காவில் எக்செல் இறங்கி முதல் வருஷமே 1,68,000-க்கு மேல் விற்றது. அப்புறம் பழுதாகிப் பழுதாகி, டிவி காமெடியன்கள் வாயில் விழுந்து பெயர் நாறியது. அமெரிக்காவில் ரொம்ப நாளாக இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த அவமானத்தைக் கொரிய அரசு எந்த வரியைப் போட்டும் தடுத்திருக்க முடியாது. ஹூண்டாய் 1991-ல் சொந்த இன்ஜின் செய்தது. தரத்தைச் சரி செய்து 1998-ல் அமெரிக்காவில் பத்து வருஷ வாரன்டி கொடுத்தது. அதே 1998-ல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது.

புரோட்டானை யாரும் திட்டவில்லை. திட்டியவர்களுக்கும் வாங்க வேறு கார் இல்லை, வரி அப்படி. பிரிட்டனுக்குக் கொஞ்சம் போனது உண்மை. ஆனால் சம்பாதித்தது வீட்டுச் சந்தையில். சொந்த இன்ஜின் வந்தது 2004-ல். 2017-ல் 49.9 சதவீதம் சீனாவின் ஜீலி கைக்குப் போனது. புரோட்டான் இன்ஜினியர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். தேர்வே எழுதவிடாமல் வருஷா வருஷம் பாஸ் போட்டால் எந்தப் பிள்ளை படிக்கும்?

ஆக, என் கருத்து இதுதான். முன்னேறிய நாடுகள் கம்பெனிகளை வரவழைத்ததோடு நிற்கவில்லை. வந்தவரிடமிருந்து அடுத்த படியைக் கற்க ஆட்களை அனுப்பி அதற்குச் செலவழித்தன, கற்றவர்களை உலகச் சந்தையில் தேர்வு எழுத வைத்தன. இதில் ஒன்று குறைந்தால் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது. வேற காரணங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். தைவானுக்கும் கொரியாவுக்கும் அமெரிக்க உதவி கிடைத்தது, பனிப்போர் காலத்தில் அமெரிக்கச் சந்தை அகலத் திறந்திருந்தது. 1950களின் தொடக்கத்தில் தைவான் நிலத்தைக் குத்தகைக்காரர் கைக்கே மாற்றியது. அதனால் விவசாயி வீட்டிலும் பள்ளிக்கூடச் செலவுக்குக் காசு இருந்தது. அந்த 19 பேர் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. ஆனால் அமெரிக்க உதவியும் சந்தையும் பிலிப்பைன்ஸுக்கும்தான் கிடைத்தது.

பிலிப்பைன்ஸில் இன்டெல் 1974-லேயே ஆலை போட்டது, பினாங்குக்கு ரெண்டே வருஷம் பின்னால். 2009-ல் மூடிவிட்டுப் போனது. கோஸ்டா ரிகாவில் 1990களின் கடைசியில் வந்தது, 2014-ல் அசெம்பிளியை மூடப் போவதாக அறிவித்தது, சுமார் 1,500 பேருக்கு வேலை போனது. கம்பெனிகளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ள வரவில்லை.

இப்போது நம்மைப் பற்றி. சோயாப்பால் கடைக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், அதில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் நம்மைப் போல வெளிநாட்டில் பிழைத்தவர். ஊருக்குப் பணம் அனுப்புவதும் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுப்பதும் நல்ல காரியம், நானும் செய்கிறேன். பான் செய்தது வேற ரகம். ஒப்பந்தத்தில் எதைக் கேட்கணும், எதைக் கேட்காமல் விட்டால் ஏமாறுவோம் என்பது அந்தத் தொழிலுக்குள் இருந்தவருக்குத்தான் தெரியும். அதைத் தன் ஊர் அமைச்சருக்குச் சொன்னார். இதற்கு இன்னொரு பாதியும் இருக்கு: அமைச்சர் காது கொடுத்தார். 2011-ல் உலக வங்கி போட்ட கணக்கில் சுமார் 10 லட்சம் மலேசியர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள், பாதிக்கு மேல் சிங்கப்பூரில். பினாங்கில் வேலை கற்ற இன்ஜினியர் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பல மடங்கு சம்பளம் வாங்கினால் அவரைத் தப்பு சொல்ல முடியுமா? கூப்பிட ஒரு சன் யுன்-சுவான் இல்லாத இடத்துக்கு எந்தப் பான் திரும்பி வருவார்?

இதையெல்லாம் படிக்கும்போது உங்களில் பலருக்கு ஸ்ரீபெரும்புதூர் ஞாபகம் வந்திருக்கும். அங்கே 2006-ல் நோக்கியா வந்தது. உச்சத்தில் உலகின் பெரிய போன் ஆலைகளில் ஒன்று. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. வரி வழக்கு, மைக்ரோசாஃப்டுக்கு விற்றது என்று காரணங்கள் உண்டு. ஆனால் எட்டு வருஷம் கோடிக்கணக்கில் போன் செய்த பிறகு ஒரு தமிழ்நாட்டு போன் கம்பெனியோ, உலகத்துக்கு விற்கும் ஒரு பெரிய உதிரிபாகக் கம்பெனியோ அந்த ஆலையிலிருந்து பிறக்கவில்லை. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் செய்கிறார்கள். 2024-25-ல் தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,400 கோடி டாலருக்கு மேல். மைக்ராஸ்கோப்பில் குனிந்த பினாங்குப் பெண்களின் இடத்தில் நம்ம ஊர்ப் பெண்கள். அந்த வேலையும் சம்பளமும் ஒரு வீட்டுக்கு என்ன அர்த்தம் என்பது தெரியும், அதைச் சின்னதாகப் பேச மாட்டேன்.

என் உறுத்தல் வேற. ஒன்றிய அரசு 2020-ல் போனுக்குக் கொண்டுவந்த ஊக்கத்தொகைத் திட்டம், கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம் வரை திருப்பிக் கொடுத்தது. எவ்வளவு விற்றாய் என்று கேட்டது, நல்ல கேள்விதான், பெரும்பகுதி ஏற்றுமதியும் ஆகிறது. யார் என்ன கற்றார்கள் என்று கேட்கவில்லை. 2025-ல் உதிரிபாகங்களுக்கென்று 22,919 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். ஓசூரில் டாடா ஐபோனுக்கு வெளிக்கூடு செய்கிறது. இது சரியான திசை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஏற்றுமதி நம்பர் வரும் ஒவ்வொரு முறையும் குழுக்களில் பட்டாசு வெடிக்கிறோமே, அதோடு இன்னும் சிலதைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த அசெம்பிளி லைனில் இருக்கும் இயந்திரங்களை யார் செய்கிறார்கள்? பழுதானால் சரி செய்ய விமானம் ஏறி வருபவர் யார்? காஞ்சிபுரத்திலோ கோயம்புத்தூரிலோ ஒரு பட்டறைக்காரர் அச்சு செய்து கொடுக்கிறாரா? அவருடைய இருபத்தைந்தாவது ஆளை வேலைக்கு எடுக்க என்ன தடை?

நம்ம நேயர்களில் செமிகண்டக்டர், ஆட்டோமேஷன், அச்சு வார்ப்பு வேலைகளில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பது உங்கள் மெயில்களிலிருந்தே தெரியும். பெனாங், சிங்கப்பூர், ஐன்ட்ஹோவன், அரிசோனா, எங்கே இருந்தாலும் சரி. உங்கள் ஆலைக்குச் சப்ளை செய்யும் உள்ளூர்க் கம்பெனி எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், வேலை போகும். அடுத்த எபிசோடில் அதை வைத்தே பேசுகிறோம்.